ஸ்பிரிங்கைக் கடைசியில் தொடுங்கள்: எலக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் உள்பாகங்களை மாற்ற நினைப்பவர்களுக்கு

"இன்னும் கொஞ்சம் தூரம் போகவேண்டும், வலுவான ஸ்பிரிங் ஒன்று போட்டுத் தாருங்கள்." பிரிட்டனில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை, அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளை, பழுதுபார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேண்டுகோளோடுதான் வருகிறார்கள். நான் உடனே சம்மதிப்பதில்லை. வலுவான ஸ்பிரிங் தூரத்தைச் சிறிதளவே கூட்டும். குண்டின் ஆற்றலை மட்டும் வெகுவாகக் கூட்டிவிடும். அந்த ஆற்றலுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. எதிரே நின்று விளையாடுகிறவரின் கண்ணும் ஓர் அளவுதான் தாங்கும்.

டோக்கியோ மாருய் நிறுவனம் 1991இல் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கியின் வடிவத்தில் வெளியிட்ட எலக்ட்ரிக் துப்பாக்கியிலிருந்து இன்றுவரை உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தில் பாதிச் சுற்றுக்குத்தான் பற்கள் உண்டு. அந்தப் பற்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்துகின்றன. பற்கள் முடியும் இடத்தில் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாய்கிறது. சிலிண்டரில் இருக்கும் காற்று நாசில் என்ற முனைக்குழாய் வழியாக வெளியேறி, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது என்பதால், அது வழியில் எங்கே கசிகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இவையெல்லாம் அடங்கிய பெட்டியான கியர்பாக்ஸிலிருந்து சிலிண்டரை வெளியே எடுத்து, பிஸ்டன் தலையை உள்ளே நுழைத்து, நாசிலின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் சைக்கிள் பம்பின் வாயை அடைத்தது போல அது பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். கையை எடுத்தால் பின்னுக்குத் துள்ளும். மெல்ல மெல்ல இறங்கிப் போனால் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் பிஸ்டன் தலையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருக்கும். இல்லாவிட்டால் நாசிலுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலோ, நாசிலுக்கும் குழலின் தொடக்கத்தில் உள்ள ஹாப்-அப் ரப்பருக்கும் இடையிலோ காற்று போகும். ஒரு வளையமும் சிறிது சிலிகான் கிரீஸும் போதும். செலவு மிகச் சொற்பம்.

ஆனால் இங்கேதான் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் இளைஞர் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்திருந்தார். 0.20 கிராம் குண்டில் வினாடிக்கு 330 அடி வேகம் காட்டியது. "வலு குறைவு, கசிவை அடைத்துவிடுங்கள்" என்றார். திறந்து பார்த்தால் உள்ளே எம்120 ஸ்பிரிங் (எண் கூடக் கூட ஸ்பிரிங்கின் வலுவும் கூடும்). முன்பு வைத்திருந்தவர், கசிவை ஈடுகட்ட அதைப் போட்டிருக்கிறார். வளையத்தை மாற்றிவிட்டு அளந்தபோது வேகம் 390 அடிக்கு ஏறியது. ஆற்றல் 1.4 ஜூலைத் தாண்டிவிட்டது. அங்கேயே எம்100 ஸ்பிரிங் போட்டு 335 அடிக்கு இறக்கித்தான் கொடுத்தேன். அவரே வீட்டில் வளையத்தை மட்டும் மாற்றியிருந்தால், தன் கையில் இருப்பது சட்டத்துக்குப் புறம்பான பொருள் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தில், 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் 57ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல் என்று அது வரம்பு வைக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும்வரைதான் அது ஏர்சாஃப்ட்; சட்டம் அதை ஆயுதமாகக் கருதாமல் விலக்கு அளிக்கிறது. தாண்டினால் அந்த விலக்கு போய்விடும். தொடர்ந்து சுடும் வகை என்றால், தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டு வரைக்கும் போகலாம். ஜப்பானில் 2006இல் திருத்திய சட்டப்படி வரம்பு இன்னும் குறைவு, ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே. ஒரு நாட்டில் வாங்கிய ஸ்பிரிங் இன்னொரு நாட்டில் செல்லுபடியாகும் என்று எண்ணவேண்டாம்.

கணக்கு எளிது: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். 0.20 கிராம் குண்டில் 1.3 ஜூல் என்பது வினாடிக்கு 114 மீட்டர், அதாவது சுமார் 374 அடி. ஆனால் அதைவிடக் குறைந்த 350 அடியை 0.30 கிராம் குண்டோடு காட்டும் துப்பாக்கி 1.7 ஜூலில் சுடுகிறது. குண்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்கிறவரின் பேச்சை நம்பி எதையும் வாங்காதீர்கள். எந்த எடைக் குண்டை மைதானத்தில் பயன்படுத்துவீர்களோ, அதே குண்டைப் போட்டு அளந்து பாருங்கள்.

தூரம் வேண்டுமா? ஹாப்-அப் பக்கம் வாருங்கள். குழலின் தொடக்கத்தில் மேலிருந்து அழுத்தும் அந்தச் சின்ன ரப்பர்தான் குண்டுக்குப் பின்சுழற்சி தருகிறது. அந்தச் சுழற்சி குண்டைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. ரப்பர் தேய்ந்தோ ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால், என்ன ஸ்பிரிங் போட்டாலும் குண்டு வளைந்து விழும். நல்ல ரப்பர், சுத்தமான குழல், 0.28 அல்லது 0.30 கிராம் குண்டு என்று மாற்றிப் பாருங்கள். காற்று வீசும்போதும் குண்டு அவ்வளவாக விலகாது. பலர் இதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். கியர்பாக்ஸைத் திறக்கவேண்டிய தேவையே வருவதில்லை.

வேகமாகச் சுடவேண்டும் என்று 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் மிக வேகமாகச் சுழன்றால், பிஸ்டன் முன்னே போய்ச் சேர்வதற்குள் பற்சக்கரம் அடுத்த சுற்றுக்கு வந்து அதன் பற்களில் மோதும். பிஸ்டன் பற்கள் மழித்ததுபோல் போய்விடும். உடைந்த பிஸ்டன்களைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, முதல் பல்லின் நுனியில் மட்டும் பளபளப்பான தேய்மானம் தெரியும்; சக்கரப்பல் முழுமையாகப் பொருந்தாமல் நுனியில் அடித்திருக்கிறது என்று பொருள். சிலிண்டர் தலைக்குப் பின்னால் சற்றுத் தடித்த ரப்பர் அட்டை வைத்தால் பொருத்தம் சரியாகும். மாஸ்பெட் என்ற மின்னணு சுவிட்ச் இல்லாத துப்பாக்கியில் விசையின் செம்புத் தொடுமுனைகளும் தீப்பொறியில் கருகிவிடும். எம்4 என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் வடிவில் வரும் துப்பாக்கிகளில் இருக்கும் இரண்டாம் வடிவக் (வெர்ஷன் 2) கியர்பாக்ஸுக்கு முன்புறச் சட்டமே பலவீனமான இடம். வலுவான ஸ்பிரிங்கில் அது விரிசல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். லிப்போவை அதற்குரிய சார்ஜரில் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். சிறிது உப்பியிருந்தாலும் அதைத் திரும்பப் பயன்படுத்தவேண்டாம்.

வீட்டிலேயே திறப்பதாக இருந்தால், முதலில் குண்டு மேகசினைக் கழற்றுங்கள். ஒற்றைச் சூட்டு நிலையில் பாதுகாப்பான திசையில் ஒருமுறை சுட்டு, ஸ்பிரிங்கைத் தளரவிட்டு, பேட்டரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஸ்பிரிங்கில் அழுத்தம் மிச்சமிருக்கும். ஸ்பிரிங் வழிகாட்டியின் பின்புறத் துளையில் திருப்புளி ஒன்றை நுழைத்துப் பிடித்துக்கொண்டுதான் மேல் ஓட்டைத் தூக்கவேண்டும். அப்படிப் பிடிக்காமல் தூக்கினால் முகத்தை நோக்கிப் பாயும். மேசையில் உட்காரும்போதே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருங்கள்.

கண்ணாடி பற்றி இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது. இஎன் 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் 'எஃப்' (F) குறியுள்ள கண்ணாடி, 0.86 கிராம் எஃகுக் குண்டு வினாடிக்கு 45 மீட்டரில் மோதுவதைத் தாங்குமாறு சோதிக்கப்படுகிறது. ஆற்றலாகச் சொன்னால் 0.87 ஜூல். விளையாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே தள்ளுகின்றன. 'பி' (B) குறி என்றால் 120 மீட்டர் வேகம், 6 ஜூலுக்குச் சற்று மேல். 'பி' குறியோடு முகத்தில் நன்றாகப் படிந்து மூடும் கண்ணாடியையே வாங்குங்கள். கம்பிவலைக் கண்ணாடியில் உடைந்த குண்டின் துகள் நுழையக்கூடும். துப்பாக்கியில் எதையும் மாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் இன்று மாலை தங்கள் கண்ணாடியின் ஓரத்தில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.