கண்டியும் கண்டியும்

அட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் கண்டி பஸ்ஸின் பலகையில் சிங்களத்தில் மஹநுவர என்றிருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்டி. டொபியைச் சப்பிக்கொண்டே அதை எழுத்துக்கூட்டிய அக்கா மகள் கேட்டாள்: "மாமா, டொபியையும் இங்கிலீஷ்ல கண்டின்னு சொல்றாங்களே, அந்த ஊர்லதான் முதல்ல செஞ்சாங்களா?"

நல்ல கேள்வி. ஆனால் ஒலி ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. சொல் வந்த வழியைத் தேடிப் போக வேண்டும்.

சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. மலைமேல் உள்ள நாடு என்று கண்டி இராச்சியத்தைக் 'கந்த உட ரட' என்றார்கள். போர்த்துக்கீசர் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு 'கந்தேயா' ஆக்கினார்கள். அப்புறம் ஆங்கிலத்தில் அது கண்டி ஆனது. 1815இல் பிரித்தானியர் இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். பிறகு கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு மலைநாடு முழுவதுமே கண்டிச் சீமைதான்.

இனிப்பின் வழி வேறு. சமஸ்கிருதத்தில் 'கண்ட' என்றால் துண்டு. அது சர்க்கரையோடு பாரசீகத்துக்கும் அரபிக்கும் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் அதே துண்டுதான்: கல் போன்ற கண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு உறவு. வகுப்பில் பிள்ளைகளைக் கண்டிக்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரில் முளைத்தது. வெட்டுதல் என்ற பொருள், வெட்டிப் பேசுதலாகி, கடிந்துகொள்வதில் வந்து நின்றது. ஆக, கற்கண்டும் கண்டிப்பும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கண்டி ஊர் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை.

இப்படி நடப்பதற்குக் காரணம் எளிது. மொழிக்குச் சில பத்து ஒலிகளே உண்டு, சொற்களோ ஆயிரக்கணக்கில். இரண்டு மூன்று அசைச் சொற்கள் எங்காவது மோதத்தான் செய்யும். கடன் வாங்கும்போது ஒலிகள் தேய்வதால் மோதல் இன்னும் கூடும். சமஸ்கிருதச் சொல்லின் மூச்சுக் ககரமும் சிங்களத்தின் சாதாரணக் ககரமும் தமிழில் ஒரே 'க'.

கொத்மலை ஓயா என்ற ஆற்றின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. ஓயாமல் ஓடுவதால் ஓயா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம் 'ஓயா' தனியே நிற்காது. ஓயா உழைப்பு, ஓயா மழை என்று பின்னால் ஒரு பெயர் வேண்டும். சிங்களத்தில் ஆறு என்பது குறில் ஒகரத்தோடு 'ஒய'. கடைசி எழுத்தை நீட்டி 'ஒயா' என்றால், அங்கே அது 'நீங்கள்'.