யாரும் திருப்பாமல் திரும்பும் பலகை

புதுச்சேரியில் வழி சொல்வது சுலபம். நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்கிற முனையில் நின்று, "கிழக்கே ரெண்டு தெரு, வடக்கே மூணு தெரு போங்க" என்றால் போதும். வடக்கே மூன்றை முதலில் முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பினாலும் அதே முனைதான் வரும்.

வேகங்களைக் கூட்டுவதும் இப்படித்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். 1905-இல் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் வந்த பிறகு அந்த நம்பிக்கை நிற்கவில்லை. கிழக்கு, அப்புறம் வடக்கு என்பது ஒன்று; வடக்கு, அப்புறம் கிழக்கு என்பது வேறு. அந்த வித்தியாசம் ஒரு சுழற்சியாக வெளிப்படுகிறது. சார்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு நேர் கிழக்கே கடலுக்குள் போகிறது. வேகம், நம் கணக்குக்காக, ஒளி வேகத்தில் 60 சதவீதம்; நொடிக்குச் சுமார் 1,80,000 கிலோமீட்டர். படகின் தளத்தில் ஒரு நீளப் பலகை, கிழக்கு மேற்காகக் கிடந்தபடியே, இடப்பக்கமாக வடக்கு நோக்கி வழுக்கிப் போகிறது. தளத்தைப் பொறுத்தவரை அதற்கும் அதே 60 சதவீத வேகம். தளத்தின் நீளவாக்கில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைப்போம். படகில் இருப்பவருக்குப் பலகையின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

கரையில் இருப்பவருக்கு? சார்பியலில் 'ஒரே நேரம்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். கரைக் கடிகாரங்களை வைத்து அளந்தால் மேற்கு முனை முதலில் தாண்டுகிறது, கிழக்கு முனை பிறகுதான். மேற்கு முனை முந்திக்கொண்டு வடக்கே போய்விட, கிழக்கு முனை பின்தங்கித் தெற்கே நிற்கிறது. அதாவது பலகை சாய்ந்திருக்கிறது, கிட்டத்தட்ட 24 டிகிரி! ஓடும் திசையில் நீளம் சுருங்குவதால் வரும் சாய்வும் இதில் கலந்திருக்கிறது. அதைக் கழித்தாலும் 12.7 டிகிரி மிச்சம் இருக்கிறது. அதுதான் சுழற்சி. யாரும் பலகையைத் திருப்பவில்லை, நேராகத்தான் தள்ளினார்கள்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. கரையிலிருந்து அளந்தால் பலகையின் மொத்த வேகம் ஒளியில் 76.8 சதவீதம், திசை, கிழக்கிலிருந்து வடக்காக 38.7 டிகிரி. இப்போது வரிசையை மாற்றி, படகை வடக்கேயும் பலகையைக் கிழக்கேயும் விடுங்கள். வேகம் அதே 76.8. திசை மட்டும் 51.3 டிகிரி. கழித்துப் பாருங்கள், அதே 12.7 வருகிறது. தாளில் இதைப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனது நிறைந்துவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் கடலூர் பஸ்ஸுக்குள் இதே சோதனையை அதே வேகத்தில் செய்தால், சுழற்சி ஒரு டிகிரியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

ஆனால் அணுவுக்குள் பட்டது. எலெக்ட்ரான் தன்னளவில் ஒரு சுழற்சியும் கொண்டது என்று 1925-இல் ஊலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் சொன்னார்கள். அணுக்கள் விடும் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறக் கோடுகள், அதாவது நிறமாலைக் கோடுகள், சில இடங்களில் இரண்டாகப் பிளந்திருக்கும். எலெக்ட்ரானின் சுழற்சியை வைத்து அந்தப் பிளவைக் கணக்கிட்டால், அளந்ததைப்போல் இரண்டு மடங்கு வந்தது. அடுத்த ஆண்டு, கோபன்ஹேகனில் இருந்த 22 வயது லூவெலின் தாமஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். அன்றைய படத்தில் எலெக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுகிறது. கணத்துக்குக் கணம் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளல். ஒவ்வொரு தள்ளலுக்கும் நம் பலகையைப் போலவே அதன் அச்சு துளித்துளியாகத் திரும்பி, ஓயப்போகும் பம்பரம்போல் தலையாட்டுகிறது. இதைச் சேர்த்ததும் கணக்கில் சரிபாதி கழிந்துவிட்டது.

சோறு பொங்கி உப்புத் தண்ணீர் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகுமே, அது சோடியத்தின் ஒளி. அந்த மஞ்சள் ஒரு கோடு அல்ல, இரண்டு: 589.0 நானோமீட்டர், 589.6 நானோமீட்டர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியும் அப்படி ஒரு பிளவுதான்; அதிலும் தாமஸ் கழித்த பாதி இருக்கிறது.