குல்டன்: பொன் என்ற பெயரில் புழங்கிய வெள்ளி

யூரோ வருவதற்கு முன், 2002 தொடக்கம் வரை, நெதர்லாந்தின் நாணயம் குல்டன். கில்டர் என்பது ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த வடிவம். டச்சுக்காரர்களோ முதலெழுத்தைத் தொண்டையில் உரசி, ஏறக்குறைய 'ஹுல்டன்' என்பார்கள்.

'பொன்னாலான' என்பதுதான் பொருள். 1252இல் புளோரன்ஸ் நகரம் ஃபுளோரின் என்ற பொற்காசை அடித்தது. வடக்கே அதைப் பார்த்து அடித்த காசுகளைப் 'பொன் ஃபுளோரின்' என்றார்கள். நாளடைவில் ஃபுளோரின் உதிர்ந்து, அடைமொழி மட்டும் காசின் பெயராக நின்றுவிட்டது. உதிர்ந்த சொல்லும் முழுக்கப் போய்விடவில்லை. கடைசிவரை டச்சுக் கடைகளில் விலைக்கு முன் போட்ட குறி ஃபுளோரினின் முதலெழுத்துதான்!

வேடிக்கை அப்புறம்தான் வருகிறது. 1486இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள டிரோல் நாட்டில், ஒரு பொன் குல்டனின் மதிப்புக்குச் சமமாகப் பெரிய வெள்ளிக் காசு அடித்தார்கள். அதற்கும் குல்டன் பெயரே ஒட்டிக்கொண்டது. டச்சு குல்டனும் நெடுங்காலம் வெள்ளி, 1967 முதல் நிக்கல். பொன் பெயரில் மட்டுமே.

பழைய ஜெர்மானியத்தில் பொன்னுக்கு 'குல்த்' போன்ற ஒரு சொல் இருந்தது. ஜெர்மன், ஆங்கில 'கோல்டு' அதன் வழிதான். பழைய ஆங்கிலத்தில் பொன்னாலானது 'கில்டன்'. பிற்பாடு 'கோல்டு' என்பதிலிருந்தே 'கோல்டன்' என்று புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பொன்முலாம் பூசுவதைக் குறிக்கும் 'கில்டு' என்ற வினையில் பழைய உயிரொலி இன்றும் தங்கியிருக்கிறது. டச்சிலோ பொன் 'ஹௌட்' ஆகிவிட்டது, லகரம் போயிற்று. குல்டனில் அது பிழைத்தது.

இதற்கெல்லாம் அடியில் மஞ்சளையும் மினுமினுப்பையும் குறிக்கும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் கிடக்கிறது. ஆங்கில 'யெல்லோ', போலந்து நாணயமான 'ஸ்வோத்தி', சமஸ்கிருத 'ஹிரண்யம்' எல்லாம் அதன் கிளைகள். ஆக, நம் புராணத்து இரணியன் குல்டனுக்குத் தூரத்து உறவு.

சரி, தமிழில்? பொன் இந்தக் குடும்பமில்லை, அது திராவிடச் சொல். செய்யுளில் 'பொலம்' என்றும் வரும். தொல்காப்பியம் அதற்கு விதியே சொல்கிறது. பெயரடையாக வரும் குல்டனைப் பெயர்க்க 'பொன்' போதும்: 1302இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஃபிளாண்டர்ஸின் நகரப் படை பிரெஞ்சுக் குதிரைவீரர்களை வென்ற போரின் டச்சுப் பெயரில் 'குல்டன்' வருகிறது; தமிழில் அது 'பொற்குதிமுள் போர்' (குதிமுள் என்பது குதிரைவீரர் குதிகாலில் அணியும் முள்). நாணயத்தைப் 'பொற்காசு' என்று பெயர்த்தால், வெள்ளியில் அடித்ததற்குப் பொருந்தாது. அதைக் 'கில்டர்' என்றே விட்டுவிடலாம்.