‘ஏற்கப்பட்டது’ என்று ஒரு வங்கி எழுதினால்

1920களில் பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் காபி மூட்டைகள் கப்பலேறுவதாக வைத்துக்கொள்வோம். விற்றவருக்குப் பணம் உடனே வேண்டும். வாங்கியவரோ சரக்கை இறக்கி, காபி வறுப்பவர்களுக்கு விற்று, வசூலித்த பிறகுதான் தர முடியும். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். போதாக்குறைக்கு ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது வங்கி ஏற்பு, அதாவது பாங்கர்ஸ் அக்செப்டன்ஸ்.

நியூயார்க் வியாபாரி தன் வங்கியில் எல்.சி., அதாவது ஆவணங்கள் சரியாக வந்தால் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று சொல்லும் கடன் உறுதிக் கடிதம், திறக்கிறார். சான்டோஸ்காரர் சரக்கை ஏற்றிவிட்டு, அந்த வங்கியின் பெயருக்கே ஒரு பில், அதாவது பணம் தரச் சொல்லும் உத்தரவுச் சீட்டு, எழுதுகிறார்: 90 நாளில் 1,00,000 டாலர் தரவும். பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது), காப்பீட்டுத் தாள் எல்லாம் அதோடு சேர்ந்து நியூயார்க் போகின்றன. வங்கி சரிபார்த்து, பில்லின் முகப்பில் குறுக்காக ‘ஏற்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறது. அவ்வளவுதான். இனி வியாபாரி திவாலானாலும் தவணை நாளில் வங்கி பணம் தந்தாக வேண்டும்.

பெரிய வங்கியின் கையெழுத்து விழுந்த தாளை வாங்க ஆள் இருக்கும். சந்தையில் வட்டி 4 சதவீதம் என்றால் 90 நாளுக்கு 1,000 டாலர் டிஸ்கவுண்ட், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வட்டி. பில்லை விற்றால் உடனே 99,000 டாலர் கையில். வங்கி தன் பணத்தில் ஒரு காசும் எடுக்காமல், பெயரை மட்டும் இரவல் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொள்கிறது. இன்று திருப்பூரில் 90 நாள் யூசன்ஸ் (தவணை) எல்.சி.யில் சரக்கு அனுப்புபவர்களுக்கு இதில் பாதி பழகிய கதைதான்.

சரி, இதில் பொருளாதார ஆய்வாளர்களுக்கு என்ன வேலை? சரக்கு கிளம்பும்போது பில் பிறக்கிறது, விற்றுத் தீர்ந்து பணம் வரும்போது முடிகிறது. அப்படியானால் ஒரு நாளில் நிலுவையில் உள்ள ஏற்புகளைக் கூட்டினால், கடலிலும் கிடங்கிலும் கடனில் நிற்கும் சரக்கின் மதிப்பு ஓரளவு தெரிந்துவிடும். பழைய வணிகக் கடனுக்கு இவ்வளவு நேரடியான அளவுகோல் அதிகம் இல்லை.

1914 வரை இதன் தலைநகரம் லண்டன். பேரிங், ரோத்சைல்ட், ஷ்ரோடர், கிளைன்வொர்ட் போன்ற நிறுவனங்களுக்கு இது முக்கியத் தொழில். சான்டோஸ் காபி நியூயார்க்குக்குப் போனாலும் பில் பெரும்பாலும் லண்டன் நிறுவனத்தின் பெயருக்கு, பவுண்டில்தான் எழுதப்படும். முதல் உலகப்போர் தொடங்கியபோது லண்டன் சந்தையில் சுமார் 35 கோடி பவுண்டு பில்கள் நிலுவையில் இருந்தன. வெளிநாடுகளிலிருந்து பணம் வருவது நின்றதும் ஏற்பு நிறுவனங்கள் தடுமாறின. பேங்க் ஆஃப் இங்கிலாந்து பில்களை வாங்கித்தான் சந்தையைக் காப்பாற்றியது.

அமெரிக்காவிலோ மத்திய அரசின் உரிமம் பெற்ற நேஷனல் வங்கிகளுக்கு பில்களை ஏற்கும் உரிமையே அதுவரை இல்லை. நாட்டின் மைய வங்கியை அமைத்த 1913ஆம் ஆண்டின் ஃபெடரல் ரிசர்வ் சட்டம்தான் அதைத் தந்தது. இதற்காக விடாமல் வாதாடியவர் வங்கியாளர் பால் வார்பர்க். பிறகு ஃபெடரல் ரிசர்வே, தான் அறிவித்த விலைக்கு வந்த ஏற்புகளை வாங்கி இந்தச் சந்தையைத் தூக்கி நிறுத்தியது.

இங்கேதான் அளவுகோல் கோணுகிறது. 1928 முடிவில் அமெரிக்காவில் நிலுவையில் இருந்த ஏற்புகள் சுமார் 128 கோடி டாலர். ஓராண்டில் அது 173 கோடி ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம்! ஆனால் நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் சேர்த்தாலும் வளர்ச்சி அதன் பக்கத்தில்கூட வரவில்லை. பங்குச்சந்தைச் சூதாட்டத்தால் மற்றக் கடன்களின் வட்டி எகிறியிருந்தது, ஏற்பு மலிவாகக் கிடைத்தது, ஆகவே கடன் தேடியவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். புள்ளிவிவரத்தை இனவாரியாகப் பிரித்தால் விஷயம் இன்னும் தெளிவு: அமெரிக்காவைத் தொடாமல் வெளிநாடுகளுக்குள்ளேயே நகர்ந்த, அங்கேயே கிடங்கில் இருந்த சரக்கின் பேரில் எழுதியவை வேகமாகப் பெருகின. அதில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு. 1931இல் ஜெர்மன் வங்கிகள் ஆட்டம் கண்டு அந்நியக் கடன்கள் முடக்கப்பட்டபோது, 90 நாளில் தானே தீரும் என்று நம்பிய பில்களைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. ஆதாரமாகச் சரக்கே இல்லாத பில்களும் அவற்றில் கலந்திருந்தன.

1974இல் வேறு விதமான கோணல். அமெரிக்காவில் நிலுவை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கானது. கப்பல்கள் இரு மடங்காகவில்லை. பெரிய காரணம் கச்சா எண்ணெய் விலை ஏறியதுதான். ஏற்பு டாலரைத்தான் கணக்கிடும், பீப்பாயை அல்ல. ஆகவே விலைவாசியைக் கழித்துப் பார்க்காமல் இந்த எண்ணை வணிகத்தின் அளவு என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை அவசரம்.

1977இல் ஃபெடரல் ரிசர்வ் தன் கணக்கில் இவற்றை வாங்குவதை நிறுத்தியது. 1980களின் நடுவிலிருந்து தொகை சரியத் தொடங்கியது. அதற்காக வணிகம் சரியவில்லை. நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் குறுகியகாலக் கடன் பத்திரமான கமர்ஷியல் பேப்பர் வழியே நேரடியாகக் கடன் வாங்கின. பழகிய வாடிக்கையாளர்களுக்கு எல்.சி. இல்லாமலே சரக்கு போனது. கனடாவில் மட்டும் இந்தப் பெயர் நீண்ட காலம் செழித்தது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் கம்பெனிகள் வாங்கும் சாதாரணக் குறுகியகாலக் கடன், கப்பலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஏற்புகளின் வட்டியை வைத்துக் கணக்கிட்ட சி.டி.ஓ.ஆர். என்ற அடிப்படை விகிதம் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது.