வெட்டுவதற்கு முன் முட்டுக் கொடுங்கள்: பழைய காரின் பாடியை வீட்டில் சீரமைப்போர் கவனத்திற்கு

பழைய கார்களை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்கத் தொடங்கியவர்களில் பலர், பாதி வேலையில் வண்டியை எங்கள் பாடி பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். எஞ்சின் வேலையில் திணறி வருபவர்கள் அவர்களுள் குறைவு. எஞ்சினைத் தவறாகப் பூட்டினாலும் மீண்டும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். பாடி அப்படியல்ல. துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைத்த பிறகு கதவு மூடவில்லை, கண்ணாடி பொருந்தவில்லை, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்லி வருபவர்களே மிகுதி. விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: எந்தத் தகடு வண்டியைத் தாங்குகிறது, எது வெறும் போர்வையாக நிற்கிறது என்பதைப் பிரித்தறியாமல் தகடு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்திருப்பார்கள்.

ஏணி போன்ற தனிச் சேஸிஸின்மேல் பாடியை போல்ட் போட்டு இறக்கிய வண்டிகள் ஒரு வகை. பாடியே சேஸிஸாகவும் வேலை செய்யும் மோனோகாக் வண்டிகள் மற்றொரு வகை. 1922இல் அறிமுகமான லான்சியா லாம்ப்டா இரண்டாம் வகைக்கு முன்னோடி. 1934இல் வெளிவந்த சித்ரோவன் டிராக்ஷன் அவான்ட் அந்த முறையைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. மோனோகாக் வண்டியில் பானெட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு, போல்ட்டில் நிற்கும் மட்கார்டு ஆகியவை அழகுக்கும் மறைப்புக்கும் உரியவை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டி, தரைத்தகடு, தரையின் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் நடுச் சுரங்கம், கதவுத் தூண்கள், சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்கள் ஆகியவைதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகின்றன. துரு முதலில் தின்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். வீட்டில் வேலை செய்பவரின் கண்ணோ வெளியே பளபளக்க வேண்டிய பகுதியிலேயே நிற்கிறது.

சில் என்பது ஒற்றைத் தகடு அன்று. பல வண்டிகளில் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் வலுத்தகடு என மூன்று சேர்ந்தே அந்தப் பெட்டி உருவாகிறது. வெளித்தகடு மட்டும் ஓட்டையாகித் தெரியும். அதைப் புதுப்பித்துவிட்டு, நைந்துபோன நடுத்தகட்டை அப்படியே விட்டால் பெட்டிக்கு வலு திரும்புவதில்லை. இன்னும் மோசமானது, பழைய சில்லின்மேலேயே ஒரு மூடுதகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவது. இரண்டு தகடுகளுக்கும் இடையே ஈரம் தங்கி, துரு முன்னைவிட வேகமாக வேலை செய்யும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ வண்டி புதிது போலத் தோன்றும். விற்பனைக்காக இப்படி மூடிவிடுபவர்களும் உண்டு என்பதால், வண்டி வாங்கும்போதே மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சில்லின் நெடுகிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பாருங்கள். ஓட்டையையும் பள்ளத்தையும் மூடப் பூசிய பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவே இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு உப்பியிருந்தால் உள்ளே சேதம் முற்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். சில்லை வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதரையில், அதன் எடை வழக்கமாக இறங்கும் சஸ்பென்ஷன் பகுதிகளுக்கு அருகே, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். முட்டுகளை வண்டியின் இரு முனைகளில் மட்டும் கொடுத்தால் நடுப்பகுதி தொய்யும். நடுவில் மட்டும் கொடுத்தால் முன்னும் பின்னும் தொங்கும். எந்த நிலையில் பற்றவைக்கிறோமோ அந்தக் கோணல் வண்டியில் நிலைத்துவிடும். பிறகு ஒவ்வொரு கதவு வாயிலிலும் முன்தூணிலிருந்து பின்தூணுக்குச் சதுரக் குழாயால் தற்காலிக முட்டுகளைப் பற்றவைத்து, வண்டியின் குறுக்கேயும் ஒன்றிரண்டு கொடுக்க வேண்டும். இம்முட்டுகள் உட்புறமாக இருக்கட்டும். கதவைப் பூட்டி மூடிப் பார்க்க இடம் வேண்டும். வாயிலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பின்னரே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். கூரையில்லாத வண்டிகளில் இந்த ஒழுங்கை மீறவே கூடாது. மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், வளைவையும் முறுக்கலையும் சில்லும் தரையும்தான் தாங்குகின்றன.

புதிய சில்லைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மூடி, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்கத் தொடங்குங்கள். கதவின் கீல் தேய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்த கீலுக்கு ஏற்பப் பாடியை அமைத்துவிடுவோம். பெயின்ட் அடித்த பிறகு கதவைச் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் எப்படியும் மீண்டும் வருவார்கள்.

பழைய கார்களின் பாடித் தகடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் தடிமனை ஒட்டியே இருக்கும் என்பதால், கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பியே வசதியானது. நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும்; தள்ளித் தள்ளிப் புள்ளிகளாக டேக் வைத்து, சூடு ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த விளிம்புகளில், புதிய தகட்டில் துளையிட்டு அத்துளை வழியே பற்றவைப்பது நல்ல மாற்று. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பழையதைவிடக் குறைக்காதீர்கள். துரு தின்று தாளாகிப்போன ஓரத்தில் எந்த வெல்டும் நிற்காது; நல்ல இரும்பு வரும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெல்டு மேட்டைத் தேய்க்கும்போது பக்கத்துத் தகட்டையும் சேர்த்துத் தேய்த்து மெலியச் செய்வது அடிக்கடி காணும் பிழை.

தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகளில் கவனம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். பக்கவாட்டுச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள்தான் வளைவின் இழுவிசையையும் அழுத்தத்தையும் அதிகம் சுமக்கின்றன. ஆகவே அவ்விளிம்புகளில் துளையிடுவதும் குறுக்கே வெல்டு இழுப்பதும் விரிசலுக்கு வித்திடும். தவிர்க்க முடியாத துளையைச் சட்டத்தின் நடு உயரத்தில் போடலாம். வலுவூட்டத் தகடு வைத்தால் அதன் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள்; திடீரென்று வலு மாறும் கோட்டில்தான் பின்னாளில் சட்டம் கீறுகிறது.

மாற்றியமைப்பில் ஆர்வம் கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய எஞ்சினோ அகலமான டயரோ கடினமான ஸ்பிரிங்கோ பொருத்தினால், கூடும் விசை போய்ச்சேரும் இடம் அந்தப் பழைய பூட்டுப்புள்ளிகள்தான். வண்டியைத் தாழ்த்தச் சுருள் ஸ்பிரிங்கை அறுப்பது மலிவான வழி. ஆனால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகக்கூடும். சீட் பெல்ட் விஷயமும் இப்படித்தான். மூன்று முனைப் பெல்ட்டை நில்ஸ் போலின் வோல்வோவுக்காக உருவாக்கியது 1959இல். அதற்கு முந்திய கார்களில் அதற்கான பூட்டுப்புள்ளிகளை எதிர்பார்க்க முடியாது. தரைத்தகட்டில் ஒரு துளையும் சாதாரண வாஷரும் போட்டுப் பூட்டிய பெல்ட், மோதலின்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்; பின்புறம் தடித்த தகடு வைத்து, நல்ல இரும்புள்ள இடத்தில் பூட்ட வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த பகுதியை வெட்டினால் வண்டியின் சட்டப்படியான அடையாளமே கேள்விக்குள்ளாகும். பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

உடலுக்கு வரும் ஆபத்துகளைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். பெட்ரோல் டாங்க் காலியாக இருந்தாலும் ஆவி மிஞ்சியிருக்கும். அதில் வெல்டு வைப்பது குண்டில் நெருப்பு வைப்பதற்கு ஒப்பானது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால், வண்டிக்கடியில் நின்று வேலை செய்யும் குழியில் தேங்கும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைத்தால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய வாயு உருவாகலாம். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் பூச்சை நீக்காமல் பற்றவைத்தால் அதன் புகை காய்ச்சலைத் தரும். பழைய பெயின்ட்டில் ஈயமும் பழைய பிரேக் லைனிங்கில் கல்நாரும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்க விடாதீர்கள். கடினப்படுத்தியைக் கலந்து அடிக்கும் இருபொருள் பெயின்ட்டில், அந்தக் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் நீங்காத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாத இடத்தில் அதைத் தெளிக்கவே வேண்டாம், அந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வெல்டிங் முடிந்த பின் ஒரு மணி நேரமாவது வண்டியருகே இருங்கள். கம்பளத்திலும் அடிப்பூச்சிலும் விழுந்த பொறி மெதுவாகவே தீயாகும்.

பற்றவைப்பு முடிந்ததும் உட்குழிவுகளுக்கு மெழுகுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். அது பெயின்ட் வேலைக்குப் பின் வருவதால் மறந்துவிடுவார்கள். சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சீலரோ பூச்சோ அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, முன்பு குறித்து வைத்த அதே மூலைவிட்ட அளவுகளையும் கதவு இடைவெளிகளையும் மறுபடி அளந்து, சஸ்பென்ஷன் பூட்டுகளைச் சுற்றி பெயின்ட்டில் மயிரிழைக் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விழுந்திருந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல், அதன் கீழுள்ள வெல்டைத் திறந்து பார்த்து மீண்டும் பற்றவைக்க வேண்டும்.