சைட்பாட்டம்: அடிவாரமா, படுகையா?

2008இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ரயன் சைட்பாட்டம் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது. அவர் பெயரை வைத்துச் செய்யும் கேலிதான் ஓயவில்லை. ‘சிரிப்பூட்டும் ஆங்கிலப் பெயர்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் ‘பக்கவாட்டுப் புட்டம்’ அதில் உண்டு. போன வாரம்கூட ஒன்று கண்ணில் பட்டது.

இதில் பக்கமும் இல்லை, புட்டமும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘சீட்’ என்றால் அகன்ற. ‘பாட்டம்’ பள்ளத்தாக்கின் அடித்தரை. இங்கிலாந்தின் செஷயர் பக்கத்து இடப்பெயர் ஒன்று குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். புட்டம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஏறியதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். பென்னைன் மலைகளை ஒட்டிய செஷயர், லங்காஷயர், மேற்கு யார்க்‌ஷயர் பகுதிகளில் ராம்ஸ்பாட்டம், வின்டர்பாட்டம், லாங்பாட்டம் என்று ஒரு கூட்டமே உண்டு. இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்டர் வின்டர்பாட்டம் ஓல்டம்காரர். நாம் யாரும் சிரிக்காத கிரிக்கெட் வீரர் இயன் போத்தமின் பெயரும் இதே சொல்தான், எழுத்துதான் வேறு.

சரி, கேலிக்காரர்களை விடுங்கள். விவரம் தெரிந்தவர்களே ‘அகன்ற அடிவாரம்’ என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடிவாரம் ஒரு மலைக்கு உரியது. பழனி அடிவாரம் என்றால் படி தொடங்கும் இடம், பஞ்சாமிர்தக் கடை, நிமிர்ந்தால் மலை. பாட்டம் இரண்டு சரிவுகளுக்கு நடுவே கிடக்கிற ஈரத் தரை. ‘பள்ளத்தாக்கு’ சரிவுகளையும் சேர்த்துக்கொள்ளும்; ஆங்கிலத்தின் ‘டேல்’ (dale), ‘வேல்’ (vale) எல்லாவற்றுக்கும் அதையே போட்டு மொழிபெயர்ப்பாளர்கள் தேய்த்தும் விட்டார்கள். ‘பள்ளம்’ கிட்டே வருகிறது, ஆனால் ரோட்டில் வண்டி இறங்குவதும் பள்ளம்தான்.

என் ஓட்டு படுகைக்கு. காவிரிக் கரைக்காரர்களைக் கேளுங்கள்: கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வாழை போடுகிற தாழ்ந்த, தட்டையான நிலம் படுகை. ‘அது பெரிய ஆற்றுக்கல்லவா, ஓடைக்கு எப்படி?’ என்றார் ஒரு நண்பர். படுத்துக் கிடக்கிற நிலம் படுகை. பக்கத்தில் ஓடுவது ஆறா ஓடையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆற்றுக்கு நீர் வந்து சேரும் பரப்பு முழுவதையும் குறிக்கும் ‘பேசின்’ (basin) என்பதற்கும் படுகை என்று போட்டுக் குடகு மலை உச்சியையும் படுகைக்குள் சேர்த்தது பத்திரிகைகளின் கைங்கரியம். அதற்கு அந்தச் சொல் என்ன செய்யும்?

பெயரையே மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஸ்கோர்போர்டில் சைட்பாட்டம் சைட்பாட்டமாகவே இருக்கட்டும். பொருள் சொல்லியே தீருவேன் என்பவர்கள் மட்டும் ‘அகன்ற படுகை’ என்று எழுதுங்கள்.