சரிவில் மண்ணை நிறுத்தும் குழிகள்

தான்சானியாவின் தெற்கே, நியாசா ஏரிக்குக் கிழக்கே இருக்கும் ம்பிங்கா மலைச்சரிவுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேனடையைப் பிரித்து வைத்ததுபோல இருக்கும். அத்தனையும் குழிகள். மட்டெங்கோ மக்கள் வெட்டும் இவற்றுக்குப் பெயர் ங்கோரோ.

19ஆம் நூற்றாண்டில் ங்கோனி என்ற இன்னொரு இனத்தவரின் படையெடுப்பு மட்டெங்கோ மக்களை மலைக்குள் நெருக்கித் தள்ளியது. இடமோ கொஞ்சம், சரிவோ செங்குத்து, மழையோ ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல். அப்படியே கொத்தி விதைத்தால் மேல்மண் ஓடையோடு போய்விடும்.

மழைக்காலம் முடியப்போகும் மார்ச் மாதத்தில், தரிசில் வளர்ந்த புல்லை ஆண்கள் அறுக்கிறார்கள். காய்ந்ததும் அதைச் சரிவின்மேல் கட்டம் கட்டமாகப் பரப்புகிறார்கள். ஒரு கட்டம் சுமார் ஒன்றரை மீட்டர். அப்புறம் கட்டத்தின் நடுவிலிருந்து மண்ணை வெட்டி நாலு பக்கப் புல்லையும் மூட வேண்டும். நடுவில் குழி, சுற்றிலும் வரப்பு. இடுப்பொடியும் இந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள். ங்கோரோவைப் புகழும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பெய்கிற மழை அந்தந்தக் குழியில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. ஓடி வேகம் பிடிக்கத் தண்ணீருக்கு இடமே இல்லை. வேகம் இல்லாத தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகாது. கரைந்த மண்ணும் அந்தக் குழியிலேயே வண்டலாகப் படிந்துவிடும்.

என்னை வியக்க வைப்பது பயிர்களின் வரிசை. வரப்பில் முதலில் விதைப்பது பீன்ஸ். காய்ந்த புல்லில் நைட்ரஜன் குறைவு. அதனால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிரிகள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் மக்காச்சோளம் போட்டால் வெளிறிப்போகும். பீன்ஸோ வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பெற்றுவிடும். ஆண்டுக் கடைசியில் அடுத்த மழை தொடங்கி மக்காச்சோளம் விதைக்கும்போது வரப்புக்குள் புல் மட்கி எருவாகியிருக்கும். களைகளைப் பிடுங்கிக் குழிக்குள் போடுகிறார்கள். அவையும் அங்கேயே மட்குகின்றன.

இரண்டு ஆண்டுச் சுற்று முடிந்ததும் மறுபடி புல் பரப்பி, பழைய வரப்புகள் கூடிய இடத்தில் புதுக் குழி வெட்டுகிறார்கள். பழைய குழியில் சேர்ந்த வண்டலும் மட்கிய களைகளும் இப்போது புது வரப்புக்கு அடியில் இருக்கின்றன. அதன்மேல் மறுபடியும் பீன்ஸ்.